சுமந்தவர் மேல் சுமத்திய பழி

கொரோனா பெருந்தொற்று இனி உலகளாவிய சுகாதார நெருக்கடி அன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் நாள் அறிவித்தது. நோயின் வேகம் தணிந்தது. ஊரடங்கு நாட்கள் மறந்துபோயின. முகக்கவசங்கள் அலமாரியின் அடித்தட்டுக்குச் சென்றுவிட்டன. ஆனால் அந்நாட்களில் நாம் அவசரமாக எழுதிய தீர்ப்பு ஒன்று மட்டும் இன்றுவரை திருத்தப்படாமல் கிடக்கிறது. "இளைஞர்கள்தாம் அடங்காமல் ஊர் சுற்றினார்கள், அவர்கள்தாம் நோயைச் சுமந்து வந்து வீட்டுப் பெரியவர்களைச் சாகக் கொடுத்தார்கள்" என்பதே அத்தீர்ப்பு. திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்று பேசும் பெரியவர்களின் வாயிலும், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் கூட்டங்களிலும், சில வேளைகளில் மறையுரை மேடையிலும்கூட இதனைக் கேட்கிறோம். ஊரில் காய்ச்சல் பரவத் தொடங்கினால் போதும், பழைய தீர்ப்பு மீண்டும் வாசிக்கப்படுகிறது.

இத்தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. முழுப் பொய்யை எளிதில் மறுத்துவிடலாம். பாதி உண்மையோ நீதியின் உடையணிந்து உலவுவதால் அதனை மறுப்பது கடினம். எனினும் மறுத்தே ஆகவேண்டும். இளையோர் நோயைச் சுமந்தது உண்மை. அவர்களை அச்சுமையோடு வெளியே அனுப்பியவர்கள் யார் என்ற கேள்வியை நாம் கேட்கவே இல்லை. அக்கேள்வியைக் கேட்காமல் எழுதப்பட்ட தீர்ப்பு அநீதியானது. அடுத்த கொள்ளைநோய் வரும்போது அது நம்மைக் காக்கவும் காக்காது.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். இது குறித்து மிக விரிவான ஆய்வுகளுள் ஒன்று நம் மாநிலத்திலேயே நடந்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தொற்று உறுதியான 84,965 பேரையும், அவர்களோடு தொடர்பிலிருந்த 5,75,071 பேரையும் பின்தொடர்ந்து, ரமணன் லட்சுமிநாராயணன் தலைமையிலான குழுவினர் 'சயன்ஸ்' ஆய்விதழில் 2020 செப்டம்பர் இறுதியில் முடிவுகளை வெளியிட்டனர். தொற்றாளர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சிறுவரும் இளையோரும் ஆவர் என்றும், பரவலில் அவர்களுக்கு முக்கிய இடம் உண்டு என்றும் அவ்வாய்வு கூறிற்று. இந்த நோய்க்கிருமியின் இயல்பும் அதற்குத் துணை நின்றது. காய்ச்சல் தலைகாட்டுவதற்கு ஓரிரு நாள் முன்னரே அது பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். இளம் உடல்களிலோ பல வேளைகளில் அறிகுறி தோன்றுவதே இல்லை. தனக்கு நோயிருப்பதை அறியாதவன் நடமாடுகிறான். அவன் நடமாட்டத்தோடு நோயும் நடமாடுகிறது.

நோயின் விளைவோ வயதுக்கேற்ப மாறியது. அதே ஆய்வின்படி, தொற்று உறுதியானவர்களுள் இறந்தோர் 5 முதல் 17 வயது வரை உள்ளோரில் 0.05 விழுக்காடு, 85 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 16.6 விழுக்காடு. பத்தாயிரம் பேரில் ஐவர் எங்கே, ஆறு பேரில் ஒருவர் எங்கே! பேரனுக்கு வெறும் தொண்டைக் கரகரப்பாக வந்து போனது, பாட்டியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடத்தியது. இந்த ஏற்றத்தாழ்வே மூத்தோரின் அச்சத்துக்கும் சினத்துக்கும் வேர். அந்த அச்சம் நியாயமானது. அதனை ஏளனம் செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டாமா? ஒத்த வயதினரிடையேதான் தொற்று மிகுதியாகத் தாவியது என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. சிறுவரிடமிருந்து சிறுவருக்கு அது தாவியது போலவே, 65 வயதைக் கடந்தவர்களிடமிருந்து அதே வயதினருக்கும் தாவியது. முதியவர் பலர் முதியவரிடமிருந்தே நோயைப் பெற்றனர். இன்னொன்று: தொற்றாளர்களுள் 71 விழுக்காட்டினர் தம்மோடு தொடர்பிலிருந்த எவருக்கும் நோயைத் தந்ததாகக் காணப்படவில்லை, 8 விழுக்காட்டினரிடமிருந்தே புதிய தொற்றுகளில் 60 விழுக்காடு புறப்பட்டது. அந்தச் சிலரைப் 'பரப்பியவர்' ஆக்கியதில் வயதைவிடச் சூழலுக்குப் பங்கு அதிகம். ஒரே வண்டியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் நோயாளியின் அருகே அமர்ந்து பயணம் செய்தோரில் ஐந்தில் நால்வருக்குத் தொற்று ஏற்பட்டது. காற்றோட்டமற்ற இடம், நெருக்கம், நீண்ட நேரம் - இம்மூன்றும் எங்கே கூடினவோ அங்கே நோய் பெருகியது. அப்படியானால் இளையோரை அத்தகைய இடங்களில் அடைத்து வைத்தவர் யார் என்பதல்லவா அடுத்த கேள்வி?

2020 மார்ச் 25 முதல் நாடு அடங்கியது. அவ்வாண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழாவை ஆலயக் கதவுகளை மூடிக்கொண்டு கொண்டாடினோம். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருந்த முதியோர் எத்தனை எத்தனை பேர்! அவர்கள் வாசலில் பால் பாக்கெட்டை வைத்தவர் யார்? சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை மருந்துக் கடை வரிசையில் நின்று வாங்கி வந்தவர் யார்? முதுகில் பெட்டியைச் சுமந்து இருசக்கர வண்டியில் உணவு கொண்டுவந்தவர் யார்? மாநகராட்சியின் பணியாளர்களாய் வீடு வீடாக ஏறி இறங்கிக் காய்ச்சல் உண்டா என்று கேட்டவர்கள் யார்? பெரும்பாலும் இளைஞர்களும் இளம்பெண்களும் அல்லவா! அவர்கள் தெருவில் நடமாடியதால்தான் நம்மால் வீட்டில் அடங்கியிருக்க முடிந்தது. நம் பாதுகாப்பின் விலையை அவர்கள் கால்கள் செலுத்தின. பின்னர் அதே கால்களைக் காட்டி, "பார், எப்படிச் சுற்றுகிறார்கள்!" என்றோம்.

கோயம்பேடு காய்கறிச் சந்தையின் வரலாறு இதற்கு வெளிப்படையான சான்று. 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாட்களுக்குச் சென்னையில் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு இரண்டே நாள் முன்னதாக வந்தது. 25-ஆம் நாள் மாநகரமே சந்தைக்குத் திரண்டது. அங்கிருந்து கிளம்பிய தொற்று, சுமை தூக்குவோர், வண்டி ஓட்டுவோர், சிறு வணிகர் ஆகியோரோடு கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய மாவட்டங்களுக்கும் சென்றது. மே 5-ஆம் நாள் சந்தை மூடப்பட்டது. அந்நாட்களில் 'கோயம்பேட்டிலிருந்து வந்தவன்' என்பது ஒரு வசைச்சொல்லாயிற்று. மூட்டை தூக்கிய அந்த இளந்தோள்கள் உல்லாசப் பயணமா சென்றன? நம் அடுப்பங்கரைக்கு வெங்காயமும் தக்காளியும் வரவேண்டும் என்பதற்காகவே சென்றன. அவசர அறிவிப்பால் கூட்டத்தைக் கூட்டியவர் எவரும் அந்த வசைச்சொல்லுக்கு ஆளாகவில்லை.

அடையாற்றின் அருகே சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2020 டிசம்பரில் நேர்ந்ததையும் நினைவுகூர்வோம். அம்மாதம் 14-ஆம் நாள் வெளியான கணக்கில் 66 மாணவர்களுக்கும் ஊழியர் ஐவருக்கும் தொற்று உறுதியாகியிருந்தது. பின்னர் எண்ணிக்கை நூறைக் கடந்தது. மாணவர் ஒழுங்கீனம் என்றே பலரும் முதலில் பேசினர். விடுதி மாணவர்கள் பொது உணவுக்கூடத்தில் ஒன்றாகக் கூடி உண்ணும் நிலையே காரணமாகச் சுட்டப்பட்டது. அதன்பின் உணவுப் பொட்டலங்கள் அறைகளுக்கே அனுப்பப்பட்டன. ஏற்பாடு மாறியதும் நிலைமை மாறத் தொடங்கியது. மாணவர் அதே மாணவர்தாம். உணவு உண்ட இடம்தான் வேறு.

தியாகராய நகருக்கு வாருங்கள். 2020 அக்டோபரில் பண்டிகைக் கூட்டம் மிகுந்ததால் அங்கே பெரியதொரு துணிக்கடை அதிகாரிகளால் பூட்டி முத்திரையிடப்பட்டது. 2021 ஜூலை 31 முதல் ஆகஸ்டு 9 வரை ரங்கநாதன் தெரு உள்ளிட்ட ஒன்பது வணிகப் பகுதிகளில் கடைகளை மூட மாநகராட்சி ஆணையிட்டது. அக்கூட்டத்தில் பட்டுப்புடவை தேர்ந்தெடுக்க வந்த பாட்டிமார் இல்லையா? திருமணத்துக்கு நகை பார்க்க வந்த பெரியப்பாமார் இல்லையா? ஆனால் நாளெல்லாம் நின்றபடி அந்தக் கூட்டத்தின் மூச்சுக்காற்றை ஏற்றவர்கள், தென் மாவட்டங்களிலிருந்து வந்து கடை விடுதிகளில் நெருக்கிப் படுத்துறங்கும் இளம் விற்பனையாளர்கள். வேலைநேரத்தில் இடையிடையே அமர்வதற்கு அவர்களுக்கு ஓர் இருக்கை தரவேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில்தான் சட்டத்திருத்தம் கொண்டுவரப்பட்டது. உட்கார இடம் தராத நாம், அவர்களிடம் ஆறடி இடைவெளியை எதிர்பார்த்தோம்!

இளையோர் எதையும் துறக்கவில்லை என்று சொல்வோர்க்கு ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கு 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கதவு 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் திறந்தது. பத்தொன்பது மாதங்கள்! அந்நோயால் தமக்கு நேரக்கூடிய ஆபத்து மிகமிகக் குறைவாயிருந்தும், பெருமளவு மூத்தோரின் உயிரைக் காக்கவே அப்பிள்ளைகள் வகுப்பறையையும் விளையாட்டுத் திடலையும் தோழமையையும் இழந்தார்கள். கைப்பேசி வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் எழுத்தையே மறந்தார்கள். சென்னையில் மதுக்கடைகளோ 2020 ஆகஸ்டு 18-ஆம் நாளே திறந்துவிட்டன. பள்ளிக்கு முன்னே மதுக்கடையைத் திறந்த சமூகத்தில் அந்த முடிவை எடுத்தவர்கள் வாலிபர்கள் அல்லர்.

2021-ஆம் ஆண்டின் இரண்டாம் அலையையும் எண்ணிப் பார்ப்போம். ஏப்ரல் 6-ஆம் நாள் சட்டமன்றத் தேர்தல். அதற்கு முந்தைய வாரங்களில் கட்சி வேறுபாடின்றிக் கூட்டங்கள் கூட்டப்பட்டன. லாரிகளில் ஏற்றிவரப்பட்டோர் முகக்கவசமின்றி நின்றனர். இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏப்ரல் 26-ஆம் நாள் கடுஞ்சொற்களால் கண்டித்தது. அச்சொற்கள் மிகையானவை என உச்ச நீதிமன்றம் பின்னர் கருதினாலும், கூட்டம் கூடியதை எவரும் மறுக்கவில்லை. மே 21-ஆம் நாள் மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. மேடைகளில் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் நரைத்த தலையினர். அவர்களை 'நோய் பரப்பியோர்' என்று எந்த ஆலய முற்றத்திலும் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

அதே வாரங்களில் ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்திலும், பிறகு நேரு விளையாட்டரங்கிலும் நீண்ட வரிசைகள் நின்றன. வெயிலில், கூட்ட நெரிசலில் நின்றவர்களுள் தந்தைக்காகவும் தாய்க்காகவும் காத்திருந்த மகன்களும் மகள்களும் எத்தனை பேர்! தடுப்பூசியோ முதலில் 60 வயதைக் கடந்தோர்க்கும், பின்னர் 45 வயதைக் கடந்தோர்க்கும் வந்தது. 18 வயதைக் கடந்தோர்க்குத் தமிழ்நாட்டில் 2021 மே 20-இல்தான் அது தொடங்கியது. இறப்பு ஆபத்தை எண்ணினால் அந்த வரிசைமுறை சரியானதே. ஆனால் அதன் பொருள் என்ன? காப்பு இல்லாமலே இளையோரை வெளியே நிறுத்தினோம். அவர்கள் அந்த வரிசையை ஏற்று முணுமுணுக்காமல் பின்னே நின்றார்கள். பின்னே நின்றவனைப் பார்த்து, "நீ ஏன் காப்பின்றி வந்தாய்?" என்று கேட்பது என்ன நியாயம்?

இது புதிய வழக்கமும் அன்று. 1918-இல் உலகை வாட்டிய இன்புளூயன்சா, போரிலிருந்து திரும்பிய வீரர்களின் கப்பல்களோடு பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்ற அந்நோய், 20 முதல் 40 வயதுக்குட்பட்டோரையே மிகக் கொடுமையாகத் தாக்கியது. நோயைச் சுமந்தோர் இளம் வீரர்கள். அவர்களைக் கப்பலேற்றி அனுப்பியோர் மூத்த அரசியல்வாதிகளும் தளபதிகளும். 1986-இல் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தபோது, அது பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட பெண்கள் ஆறு பேரின் குருதியில் இருந்தது. பழி முழுவதும் அப்பெண்கள் மீதே விழுந்தது; அரசுக் காப்பகங்களில் அவர்களைப் போன்றோர் அடைத்து வைக்கப்பட்டனர்; விடுதலைக்கு நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. அவர்களுக்கு நோயைத் தந்த ஆண்கள் மதிப்புக்குரியவர்களாய்த் தத்தம் வீடுகளில் இருந்தனர். நோயின் வழியைத் தேடும்போது நம் விரல் எப்போதும் வலிமையற்றவரை நோக்கியே நீள்கிறது.

அந்த விரல் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை 2020 ஏப்ரல் 19-ஆம் நாள் இரவு சென்னை கண்டது. நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். அவருடலை அடக்கம் செய்யக் கீழ்ப்பாக்கம் பகுதியில் எதிர்ப்பு எழுந்தது. வேலங்காட்டுக்குக் கொண்டுசென்றபோது கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. உடன் வந்தோர் காயமுற்றுச் சிதற, அவருடைய நண்பரான மருத்துவர் பிரதீப் மருத்துவமனை ஊழியர் இருவரின் துணையோடு நள்ளிரவில் தம் கையால் மண் தள்ளி அவரைப் புதைத்தார். நோயைப் போக்க உழைத்தவரையே, இறந்தபின் 'நோயைப் பரப்புபவர்' எனக் கண்டது அக்கூட்டம். அச்சொல்லின் கொடுமை இதுதான்: அது மனிதரை மறைத்துவிட்டு நோயை மட்டும் காட்டுகிறது. ஒரு மருத்துவரையே மறைக்க வல்ல சொல், உணவு கொண்டுவரும் இளைஞனை மறைப்பதற்கு எவ்வளவு நேரமாகும்?

நற்செய்தி நமக்குக் கற்பிப்பது வேறு. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம், இவருடையதா, இவர் பெற்றோருடையதா என்று ஆண்டவரிடம் கேட்டதை யோவான் எழுதுகிறார். இயேசு அக்கேள்வியையே தள்ளிவிட்டார். மண்ணைக் குழைத்துப் பூசி, அவரைக் குளத்துக்கு அனுப்பிக் குணமாக்குவதில் முனைந்தார். பழியைத் தேடுவோர்க்கும் பணியைத் தேடுவோர்க்கும் உள்ள தொலைவு அந்த ஒரு நிகழ்ச்சியில் தெளிவாகிறது. நாமோ இன்னமும் சீடர்களின் முதல் கேள்வியிலேயே நிற்கிறோம்.

தோபித்து நூலையும் நம் குடும்பங்கள் மீண்டும் திறந்து படிக்க வேண்டும். கைவிடப்பட்டுக் கிடந்த சடலங்களை அடக்கம் செய்த புண்ணியவானாகிய தோபித்து முதுமையில் பார்வையிழந்தார். குடும்பத்தின் தேவைக்காக இளையோனாகிய தன் மகன் தோபியாவைத் தொலைநாட்டுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. அனுப்பினார், ஆனால் எப்படி அனுப்பினார்? தனியே விடவில்லை. நம்பகமான துணைவரைத் தேடினார், அவருடைய நாட்கூலியை முன்னதாகவே பேசி முடித்தார், செலவுக்கும் உறுதியளித்தார், ஆசி கூறி வழியனுப்பினார். தாய் அன்னா மகனை எண்ணி அழுதாள். பயணம் முடிந்தபோது பேசிய கூலிக்கு மேலும் தர முன்வந்தார்கள். துணையாய் வந்தவர் வானதூதர் இரபேல். அப்பெயருக்குக் 'கடவுள் குணமாக்குகிறார்' என்று பொருள். முதியோர் இளையோரை அனுப்புவது பாவமன்று. துணையும் கூலியும் நன்றியும் இன்றி அனுப்புவதும், திரும்பி வந்தபின் அவர்கள் மேல் பழி சுமத்துவதுமே பாவம்.

இளையோரின் பாதுகாவலர் என்று நாம் போற்றும் புனித அலோசியுஸ் கொன்சாகாவின் வாழ்வும் இதனையே சொல்கிறது. 1591-இல் உரோமையைக் கொள்ளைநோய் தாக்கியபோது, இயேசு சபையின் அந்த இளந்துறவி நோயாளரைத் தோளில் சுமந்து மருத்துவமனை சேர்த்தார். உடன் உழைத்த இளந்துறவியர் நோயுற்றதைக் கண்ட சபைத் தலைவர்கள் அவரைத் தடுத்து, தொற்றுநோயாளர் இல்லாத மருத்துவமனைக்கே செல்லப் பணித்தார்கள். அங்கும் அவரை நோய் பற்றிக்கொண்டது. ஜூன் 21-ஆம் நாள் 23 வயதில் இறந்தார். நோயைச் சுமந்தவர் என்பதற்காக திருச்சபை அவரை ஒதுக்கவில்லை, பீடத்தில் ஏற்றிற்று. அவரைக் காக்கத் தலைவர்கள் முயன்றார்கள் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. 2020-இல் சென்னையில் ஜூன் 19 முதல் 30 வரை கடுமையான ஊரடங்கு நிலவியபோதுதான் அவருடைய திருவிழாவும் வந்து சென்றது. அந்நாளில் நம் பங்குகளில் உணவுப் பொட்டலம் சுமந்த பிள்ளைகளைக் காக்க நாம் எவ்வளவு முயன்றோம்?

இனி இளையோர்க்கும் ஒரு சொல். மேற்சொன்னவை உங்களுக்கு விடுதலைப் பத்திரம் அல்ல. வேலைக்காகச் சென்றவர்கள் ஒருபுறமிருக்க, பிறந்தநாள் விருந்துக்கும் பந்தாட்டத்துக்கும் வீண் அரட்டைக்கும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கூடியவர்களும் உங்களில் இருந்தார்கள். காய்ச்சலை மறைத்துக்கொண்டு தேர்வுக்கோ திருமணத்துக்கோ சென்றவர்களும் இருந்தார்கள். 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்ற எண்ணத்தில் ஒரு மறைமுகமான கொடுமை உண்டு. உனக்கு ஆகாதது உன் அருகில் இருப்பவருக்கு ஆகும். தம்பியைப் பற்றிக் கடவுள் கேட்டபோது, நானென்ன அவனுக்குக் காவலாளியா என்ற காயினின் மறுமொழியே அந்த எண்ணத்துள் ஒலிக்கிறது. உங்கள் உடலின் வலிமை உங்களுக்கு மட்டும் தரப்பட்ட கொடையன்று. வலியவர் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்வது வலிமையற்றவருக்குச் செய்யும் அன்புப்பணி. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020 அக்டோபர் 3-ஆம் நாள் கையெழுத்திட்ட 'ஃபிரத்தெல்லி தூத்தி' சுற்றுமடலில், முதியோர் கைவிடப்பட்டதை நினைந்து வருந்துகிறார். அவர்களை விலக்கிவைக்கும்போது இளையோரும் தம் வேர்களை இழக்கிறார்கள் என்கிறார். இரு தலைமுறைகளையும் ஒருவருக்கொருவர் பகையாக்கும் எந்தப் பேச்சும் இருவரையும் வறியவராக்கும்.

ஆயினும், அறிவுரையை யார் முதலில் கேட்க வேண்டும்? அதிகாரம் உள்ளவரே. வீட்டில் பெற்றோர், கடையில் முதலாளி, விடுதியில் நிர்வாகி, பங்கில் பேரவை - இவர்கள் கையில்தான் அடுத்த கொள்ளைநோயின் போக்கு பெரிதும் இருக்கிறது. காய்ச்சல் கண்ட ஊழியர் ஊதியம் இழக்காமல் வீட்டில் இருக்க விடுப்பு உண்டா? இல்லையெனில் அவர் நோயை மறைத்துக்கொண்டு வரத்தான் செய்வார். பசி அவரை அனுப்பும். நம் திருச்சபை நிறுவனங்களின் மாணவர் விடுதிகளில் கட்டில்களுக்கிடையே இடைவெளி உண்டா? சாளரங்கள் திறக்கின்றனவா? நம் பங்கு மன்றங்களிலும் மறைக்கல்வி வகுப்பறைகளிலும் காற்று நுழைகிறதா, அல்லது குளிரூட்டியின் பெருமையில் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டோமா? பேரிடர்க் காலத்தில் தொண்டு செய்ய முன்வரும் இளைஞருக்குக் கவசமும் காப்பீடும் தர நிதி ஒதுக்கியிருக்கிறோமா? அவர்கள் வீட்டிலுள்ள முதியோர்க்கு நோய் தொற்றாமலிருக்கத் தனித்தங்க ஓர் அறையேனும் பங்கு வளாகத்தில் உண்டா? இவை பெரிய கேள்விகள் அல்ல. அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்திலேயே எழுப்பி, விடை கண்டு, குறிப்பேட்டில் பதிய வேண்டியவை.

பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தில் 2020, 2021 ஆகிய ஈராண்டுகளும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரையான திருவிழா மக்கள் வெள்ளமின்றி நடந்தது. கடற்கரைச் சாலையில் நடைப்பயணமாக வரும் ஆயிரக்கணக்கான இளையோர் அவ்வாண்டுகளில் வீட்டில் இருந்தனர். அடங்கத் தெரியாதவர்கள் என்று நாம் சொன்ன அதே தலைமுறை, தான் மிக விரும்பிய பயணத்தை ஈராண்டு விட்டுக்கொடுத்தது. அதற்காக எவரேனும் அவர்களுக்கு நன்றி கூறினோமா?

இறந்தோர்க்காக நம் ஆலயங்களில் திருப்பலிகள் ஒப்புக்கொடுத்தோம், அது தகும். அந்நாட்களில் மருந்தும் அரிசியும் சுமந்தோர்க்காக, வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தோர்க்காக, கடையில் கால்கடுக்க நின்றோர்க்காக, பத்தொன்பது மாதங்கள் பள்ளியிழந்தோர்க்காக ஒரு நன்றித் திருப்பலியேனும் ஒவ்வொரு பங்கிலும் நிறைவேற்றுவோம். அவர்கள் பெயர்களைத் தேடி எழுதி, ஆலயத்தில் வாசிப்போம். பழிக் கணக்கை நாம் மூடும் நாளில்தான், "நாளை மீண்டும் நோய் வந்தால் எங்களுக்காகச் செல்வீர்களா?" என்று அவர்களைக் கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும்.